பாலை வழிச் செலவு

காரைக்குடி நூறடிச் சாலையில் மாலை வேளையில் நின்று நோக்குவார்க்குத் ‘தார்’ என்னும் பெயர் பொறித்த ஊர்தி ஒன்றேனும் கண்ணிற் படாமற் போகாது. இராசத்தானத்துப் பெரும்பாலையின் பெயர் அது. மகிந்திரா நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டில் அப்பெயரைத் தம் ஜீப் ஒன்றுக்கு இட்டனர். 2020இல் அதன் புதிய வடிவம் வெளிவந்தபின், மணல்மேட்டையே கண்டறியாத ஊர்களிலும் பாலைவனத்தின் பெயர் திருமண ஊர்வலங்களுக்கு முன்னே செல்லலாயிற்று. எஞ்சினின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் சென்று சேருமாறு அமைந்த இத்தகைய ஊர்திகளை உடையோர், கோவை, சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களில் கழகங்களாகக் கூடுகின்றனர். சாலையற்ற இடங்களுக்குக் குழுவாகச் சென்று வருகின்றனர். துபாய், மஸ்கத் முதலிய இடங்களிற் பணிபுரியும் நம் தமிழிளைஞர் பலர்க்கு மணற்பாலையில் வண்டியோட்டல் வாரவிடுமுறைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் வீடுதோறும் உளர் ஆதலின், இஃது எங்கோ நடைபெறும் செய்தி அன்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் செய்தி.

இதில் அறநோக்கில் ஆராயத்தக்கது யாதுளது என்று வினவலாம். உளது என்பதே நம் எண்ணம். ஆயினும் அதற்குமுன் இச்செலவு நடைபெறும் முறையை அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்றனை அறியாது இகழ்தல் சான்றோர்க்கு அழகன்று.

வழியறிந்த ஒருவருடைய ஊர்தி முன்னே செல்லும். பட்டறிவு மிக்க மற்றொருவருடையது இறுதியில் வரும். இடையிற் செல்வோர் ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் ஊர்தி கண்ணுக்குத் தெரிகின்றதா எனக் கண்ணாடியில் நோக்கிக்கொண்டே ஓட்டுதல் வேண்டும். தெரியாதாயின் நின்றுவிடுதல் வேண்டும். ஒருவர் நிற்க, அவர்க்கு முன்னவரும் நிற்பர். இங்ஙனம் சொல் எதுவுமின்றியே செய்தி தலைவர்வரை சென்று சேர்ந்துவிடும். மணலில் இறங்குமுன் சக்கரங்களின் காற்றைக் குறைப்பர். சாலையிற் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்கு மேலிருந்த அழுத்தம் 15, 18 என்னும் அளவிற்கு இறக்கப்படும். காற்றுக் குறைந்த சக்கரம் அகன்று பரந்து, ஒட்டகத்தின் அடியைப்போல மணலிற் புதையாது செல்லும். புதைந்த ஊர்தியை மீட்கும் பட்டைக்கயிறு, சக்கரத்தின் அடியிலிடும் பலகை, மண்வாரி, மிகுதியான குடிநீர் ஆகியன இன்றி எவரையும் உடன்சேர்ப்பதில்லை. ஒருவர் வண்டி புதையுண்டால் அனைவரும் இறங்குவர். மேலாளரும் அவர்கீழ்ப் பணிபுரிவாரும் அருகருகே மண்டியிட்டு மணலை அள்ளுவர். எவரையும் பாலையில் விட்டு வருதல் என்பது இல்லை.

இவ்வொழுக்கம் பாராட்டற்குரியது. பல சங்கங்களிலும் சபைகளிலும் காணக்கிடையாத ஒழுக்கம் என்றும் கூறலாம். தமக்குப் பின்வருவான் ஒருவனைக் கணந்தோறும் திரும்பி நோக்கும் பழக்கம் எளிதிற் கைவருவதன்று. நம் வினா இவ்வளவே: இத்துணை விழிப்பும் ஊர்தியின் கதவோடு நின்றுவிடுவது ஏன்? பின்வரும் தோழனைக் காணும் கண், சக்கரத்தின் கீழ்க்கிடக்கும் நிலத்தைக் காணாதது ஏன்?

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனில்லாத தீங்கினின்றும் விலகியிருத்தல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐவகையாகப் பகுத்துரைக்கின்றார். அவருடைய நெறியைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. ஐவகையுள் ஒன்று பிரமாதசரியை, அஃதாவது விழிப்பற்ற ஒழுகலாறு. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரையும் தீயையும் காற்றையும் வீணே கலக்குதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் ஆசாரியர் சேர்த்து எண்ணுகின்றார். எஞ்சின் என்பதொன்று தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, திரிதலும் ஒரு வினை என்றும், கூட்டமாகத் திரிய அழைத்தல் அதனினும் வேறாக எண்ணத்தக்க வினை என்றும் கண்டிருக்கின்றனர்.

ஆயின் இவ்விரதம் முழுதும் ‘பயனின்றி’ என்னும் ஒரு சொல்லின்மீது நிற்கின்றது. எது பயன்? மகிழ்ச்சி பயனாகுமா?

பயன் என்பது பிழைப்பும் அறமுமே. ஏனைய யாவும் வீண் என்பார் நம்முள் உளர். அவ்வாறாயின் உழவன் வயலுக்குச் செல்வதும் அன்பன் திருத்தல யாத்திரை செல்வதும் பயனுடையன. இளைஞன் பாலைக்குச் செல்வது பயனற்றது. வழக்கு அத்துடன் முடிந்தது. இவ்வளவு எளிதாக முடித்துவிட நாம் உடன்படோம். ஆறு நாள் கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்டிருந்த ஒருவன், ஏழாம் நாள் ஒளிவிளக்கு ஒன்றும் இல்லாத வெளியில் நின்று விண்மீன்களைக் காண்கின்றான். தான் எத்துணைச் சிறியவன் என்பதை எவரும் சொல்லாமலே உணர்கின்றான். பதினைந்தாம் மாடியிற் பிறந்து வளரும் குழந்தை, மண்ணில் வெறுங்காலை வைக்கின்றது. உள்ளம் அடங்கி அமைதியுறுதல் பயனன்று என்று கூறுவோமாயின், நம் முன்னோர் ஊரைவிட்டு நீங்கிக் குன்றுகளில் உறைந்ததற்கும் பொருள் கூற இயலாமற் போகும்.

எனவே பயன் உண்டு. ஆனால் அது செலவின் எப்பகுதியில் உளது என்று நோக்குதல் வேண்டும். காணச் செல்வான் ஒருவன். அவனுக்கு ஊர்தி கருவி. ஊர்தியைச் சுழற்றி மணலை வாரியிறைத்து எழும் புழுதியில் மகிழ்வான் மற்றொருவன். அவனுக்கு நிலமே கருவி, பகையும் அதுவே. வளைகுடாவில் இவ்விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ‘மணல்மேட்டை அடித்து நொறுக்குதல்’ என்னும் பொருளது. பெயரிட்டவர் உள்ளத்தை மறைக்கவில்லை. முன்னவன் பெறும் அமைதிக்கும் பின்னவன் பெறும் கிளர்ச்சிக்கும் நிலம் செலுத்தும் விலை ஒன்றன்று. ஒரே குழுவில் இவ்விருவரும் இருப்பர். ஒரே மனிதனுள்ளும் இருவரும் இருத்தல் கூடும்.

செலவைத் தடுப்பதா, செல்லும் முறையைச் செப்பஞ்செய்வதா என்னும் இவ்வினாவுக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் மதுரை செல்ல எண்ணியபோது கவுந்தியடிகள் அவர்களைத் தடுத்தாரல்லர். தாமும் உடன் புறப்பட்டார். ஆனால் புறப்படுமுன் வழியின் இயல்பை விரித்துரைத்தார். சோலைவழியிற் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடிக்கிடக்கும் என்றார். வயல்வழியிலோ, களைபறிப்போர் வரப்பில் எறிந்த குவளைப் பூக்களுக்குள் வண்டுகள் இருக்கும். நடந்து தளர்ந்தவர் நோக்காது அவற்றை மிதித்துவிடக்கூடும். கரும்பிற் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரிற் கலந்திருக்கும்; கண்ணகி நீர்வேட்கையால் அதனை அள்ளிப் பருகிவிடக்கூடும். வாய்க்காற் கரையில் நண்டும் நத்தையும் அடியிற் பட்டு நோயுறுமாயின் அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்றார். இதனைப் படிப்போர் பலரும் கவுந்தியடிகளின் அருளுள்ளத்தைப் போற்றிவிட்டு அப்பாற் செல்வர். நாம் வியப்பது அவருடைய அறிவை. எவ்விடத்தில் எவ்வுயிர், எப்பொருளின் மறைவில், எக்காரணத்தால் அடியிற் படும் என்று அவர் அறிந்திருந்தார். நோக்கி நட என்று பொதுப்பட உரைத்து நிறுத்தினாரல்லர். அறிவு முன், அருள் பின் என்னும் வரிசையை நம் பெரியோர் வகுத்தமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. கையில் மயிற்பீலி ஏந்திய அவ்வன்னையாரே அக்குழுவிற்கு வழியறிந்த தலைவர்.

அவர்கள் கடந்த வழியும் நமக்கு அயலானதன்று. உறையூரைக் கடந்தபின், கொடும்பாளூர்க் குளக்கரையில் வழி சிவபெருமானின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மாங்காட்டு மறையோன் கூறுவது காடுகாண் காதையில். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் புகழ்பெற்ற கருத்தும் அவன் வாய்மொழியே. தமிழர் கண்ட பாலை தனி நிலமன்று. வறட்சியால் நேர்வதொரு நிலை. கோடையிற் செட்டிநாட்டுப் பொட்டலைக் கண்டார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இனி, பாலை நிலத்தின் அடியில் யாதுளது என்பதை ஆராய்வோம். மணல்மேட்டின் உச்சியிற் பதியும் தடத்தை அன்றிரவுக் காற்றே அழித்துவிடும். அங்கே விடியலில் நிலம் மீண்டும் புதிது. இதனைக் கண்டோர் பாலை முழுதும் இவ்வாறே எனக் கருதிவிடுகின்றனர். மேடுகளுக்கு இடையிலுள்ள கெட்டிநிலமும் சரளைச் சமவெளியும் அவ்வாறானவையல்ல. உலகின் வறண்ட நிலங்கள் பலவற்றில் மண்ணின்மீது மெல்லிய உயிர்த்தோல் ஒன்று படர்ந்துளது. கண்ணுக்குத் தெரியாத நீலப்பசும் பாசிகள் தம் நூலிழைகளால் மணற்பரல்களைப் பிணைத்து, அவற்றோடு கற்பாசியும் மண்பாசியும் சேர்ந்து உருவாவது அது. காற்று மண்ணை அள்ளிச் செல்லாது காப்பதும், பெய்த சிறுமழையைப் பிடித்து நிறுத்துவதும் அத்தோலே. சக்கரம் ஒருமுறை ஏறினும் அது நொறுங்கும். மீண்டும் படர்வதற்கு ஆண்டுகள் பல, சிலவிடத்து ஒரு மனிதனின் ஆயுளுக்கு மேலும் ஆகும். நம் செட்டிநாட்டுச் சமையலில் மணத்திற்கு இடும் கல்பாசியின் இனத்தவை, ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலையில் கடற்பனியை உண்டு பரப்புப் பரப்பாக வளர்கின்றன. அவற்றின்மீது ஓடிய வண்டித்தடங்கள் பல பத்தாண்டுகள் கழிந்தும் மறையவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் அமெரிக்கப் படைத்தலைவர் பாட்டன் கலிபோர்னியப் பாலையில் கவசவண்டிப் பயிற்சி தொடங்கினார். 1944இல் அப்பயிற்சிக்களம் மூடப்பட்டது. எண்பது ஆண்டுகள் சென்றபின்னும் அவ்வண்டிகளின் தடங்களை அங்கே இன்றும் காணலாம்.

சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் குகையில் நம் முனிவர்கள் தலைமுறை தலைமுறையாக உறைந்து நோன்பிருந்தனர். பாறையில் அவர்கள் விட்டுச் சென்ற தடம், வழுவழுப்பான கற்படுக்கைகளும் சில எழுத்துக்களும் ஏறுதற்கு வெட்டிய ஏழு படிக்குழிகளுமே. இரண்டாண்டுப் பயிற்சியின் தடத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். மண்ணும் உயிருடையது என்னும் நம் ஆகமக் கொள்கையை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என இத்தகைய செய்திகளைக் காட்டி முழங்குவார் உளர். நமக்கு அஃது உடன்பாடன்று. பிருதிவிகாய உயிர் என்பது வேறு. மண்மீது வாழும் பாசி என்பது வேறு. ஒன்றற்கு மற்றொன்றைச் சான்றாக்குவது இரண்டினையும் அறியாமை. நிலத்தை வெறும்பொருள் எனக் கருதாதிருக்கப் பழகியவன், பாசியையும் எளிதிற் காண்பான் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கூட்டமாகச் செல்லுங்கால் எழும் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. பத்து ஊர்திகள் வரிசையாகச் செல்கின்றன. பத்தாவதை ஓட்டுபவன், “தடம் முன்னரே விழுந்துவிட்டது, நான் அதன்மேற் செல்கின்றேன், என்னால் யாது தீங்கு?” என்பான். நில இயலார் கண்டதும் அவன் கூற்றுக்கு ஓரளவு துணைசெய்கின்றது. மண் இறுகுவதும் தோல் நொறுங்குவதும் பெரும்பாலும் முதற் சில ஊர்திகளாலேயே. எனவே ஒரே தடத்திற் செல்லுதல், பத்துப் பேர் பத்துத் திசையில் பரந்தோடுவதினும் மிக நன்று. கழகங்கள் இதனைக் கட்டாய விதியாக்கல் வேண்டும். எனினும் பத்தாமவன் முற்றும் விடுபட்டானா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூன்றாக நோக்குவது நம் மரபு. பத்துப் பேர் சேர்ந்ததனாலேயே அச்செலவு நிகழ்ந்தது. மூவர் மட்டும் இசைந்திருப்பின் முதல் ஊர்தியும் புறப்பட்டிராது. பின்வருவானின் இசைவே முன்செல்வானின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. எண்ணிக்கை பெருகப் பெருகத் தீங்கு பங்கிடப்பட்டுக் குறையும் என்பது வணிகக் கணக்கு. வினைக்கு அக்கணக்குப் பொருந்தாது. ஒவ்வொருவனுக்கும் அது முழுதாகவே நிற்கும்.

இசைவு பெருகினால் எவ்வளவு பெருகும் என்பதற்குத் தக்கார்ப் பந்தயம் எடுத்துக்காட்டு. 1978 டிசம்பரில் பாரிசிலிருந்து புறப்பட்டுச் செனகல் நாட்டுத் தக்காரை நோக்கி ஓடிய அப்பந்தயத்தில், பின்னாளில் ஓட்டுநர் மட்டுமன்றி வழியோரம் வேடிக்கை காணநின்ற சிறுவரும் உயிரிழந்தனர். 2009இல் அது தென்னமெரிக்காவுக்கு மாறியது. சிலி நாட்டில் தொல்பொருள் இடங்கள் சக்கரங்களால் சிதைந்தன என்று ஆய்வாளர் முறையிட்டனர். 2020 முதல் சவுதி அரேபியாவில் நடைபெறுகின்றது. எந்நாட்டுப் பாலையாயினும், அங்கு வாழ்வார் அதனை வெற்றிடம் என்று கூறினாரல்லர். வெற்றிடம் என்றவர் வந்து ஓட்டியவரே.

‘பெருந்தீங்குகள் எத்தனையோ இருக்க, விடுமுறை நாளில் வண்டியோட்டும் சில இளைஞரைக் குறைகூறுவது ஏன்?’ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி. இராசத்தானத்துப் பாலையில் வெறுந்தரையிற் பெரும்பாலும் ஒரே முட்டையிடும் கானமயில், இன்று இருநூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுளது. அதற்குப் பெரும் கூற்றுவனாய் நிற்பன ஜீப்புகளல்ல, உயர்மின் கம்பிகளே. 2021இல் உச்சநீதிமன்றம் அதுபற்றி ஆணை பிறப்பிக்கவும் நேர்ந்தது. நம் பகுதிக் கண்மாய்களில் ஓராண்டு மண் அள்ளுவதால் விளையும் கேட்டினை நூறு ஜீப்புகள் செய்துவிட இயலா. ஆயின் மின்சாரத்தால் விளக்கு எரிகின்றது. மண்ணால் வீடு எழுகின்றது. அவற்றின் தேவையை எடைபோட்டு வழக்காடலாம், குறைக்கலாம், மாற்றுவழி தேடலாம். இல்லறத்தானால் தொழில்வழி வரும் தீங்கை முற்றும் நீக்க இயலாது என்பதை அறிந்தே ஆசாரியர்கள் விரதங்களை அளவோடு வகுத்தனர். விளையாட்டின் தீங்கு அத்தகையதன்று. அது நாளையே நிறுத்தப்படினும் ஒருவனும் பட்டினி கிடப்பதில்லை. சிறிதாயினும் முற்றிலும் நம் கைக்குள் இருப்பது அதுவே. பெரியதைக் காட்டிச் சிறியதினின்று தப்புவோர், பெரியதைத் திருத்தப் புறப்பட்டதை நாம் இதுகாறும் கண்டதில்லை.

நம் ஊர்ப்பக்கத்தில் மணற்பாலை இல்லை. வறண்ட கண்மாய் உண்டு. கோடையில் நீர் வற்றி வெடித்துக்கிடக்கும் கண்மாயினுள் ஜீப்பையும் மோட்டார் சைக்கிளையும் இறக்கிச் சுழற்றுவதில் இளைஞர்க்குப் பெருவிருப்பம். எவர்க்கும் இடையூறில்லாத வெற்றுத்தரைதானே என்பர். அவ்வெடிப்புகளுக்குக் கீழே நத்தைகள் தம் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மழைக்குக் காத்துறங்குகின்றன. தவளைகள் புதைந்து கிடக்கின்றன. மேற்பரப்பிலோ, பங்குனி தொடங்கி ஆடிவரை ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் காலம். அது கூடு கட்டுவதில்லை. சிறு பள்ளத்தைச் சுற்றிக் கூழாங்கற்களை வைத்து, கற்களோடு கற்களாகத் தோன்றும் நான்கு முட்டைகளை இட்டுவிடும். நடந்து செல்வானை அது கதறி எச்சரிக்கும். அவன் நின்று விலகுவான். எஞ்சின் ஒலியினூடே அக்குரல் எவர் செவியில் விழும்?

இதே மாவட்டத்தில், திருப்பத்தூரையடுத்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 38.4 எக்டேர். நத்தைகுத்தி நாரையும் வண்ண நாரையும் அரிவாள் மூக்கனும் அங்கே வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அருகிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மகாவீரர் வீடுபேறெய்திய நாள் என நாம் கொண்டாடும் அதே தீபாவளி. அவ்வூரார் சமணரல்லர்; அநர்த்ததண்டம் என்னும் சொல்லைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பிள்ளைகளின் மகிழ்ச்சி சிறியதென்று அவர்கள் கருதவில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் அம்மகிழ்ச்சியைக் குஞ்சுகளின் அச்சத்தோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தனர். வெடியை மட்டும் விட்டனர், தீபாவளியை விடவில்லை. புத்தாடையும் பலகாரமும் அவ்வூரில் இன்றும் உண்டு.

வண்டிக் கழகத்தார் செய்யக்கூடுவதும் இத்தன்மையதே. செல்லவேண்டாம் என நாம் கூறவில்லை. வழியறிந்த தலைவர் என முன்னே ஒருவரை அனுப்புகின்றனர் அல்லவா? அவர் மணலின் ஆழத்தை அறிந்திருப்பதுபோல, அந்நிலத்தில் எம்மாதம் எவ்வுயிர் எங்கே முட்டையிடும், எங்கே மண் தோலுடையது, எங்கே காற்றே தடத்தை அழித்துவிடும் என்பதையும் அறிந்திருக்கட்டும். அறியாராயின் அவ்வூர் ஆடுமேய்ப்பான் ஒருவனை முன்வண்டியில் ஏற்றிக்கொள்ளட்டும். அவனுக்குக் கூலியும் ஆகும். சக்கரத்தின் காற்றைக் குறைக்க நிற்கும் கால்மணி நேரத்தில் இதனைக் குழுவினர்க்கு எடுத்துரைத்தல் இயலாததன்று. கவுந்தியடிகள் புறப்படுமுன் உரைத்ததற்கும் அவ்வளவு நேரமே ஆகியிருக்கும்.

அவ்வன்னையார் சென்ற வழியிலேயே ஒருமுறை குழுவாகச் செல்ல விரும்புவார்க்கு ஒரு செய்தி. பூம்புகாரிலிருந்து உறையூர், கொடும்பாளூர் வழியாக மதுரைவரை இன்று முழுதும் தார்ச்சாலை; தார் வண்டி வேண்டுவதில்லை, எவ்வண்டியும் போதும். கொடும்பாளூரில் மூவர் கோயிலின் மூன்று கற்றளிகளில் இரண்டு எஞ்சி நிற்கின்றன. வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டுச் சுற்றுப்புறத்தை நடந்தே காணலாம். வெயில் தாழ்ந்தபின் செல்லுதல் நன்று; கண்ணகியின் மெல்லடி பொறுக்காதென அவர்களும் அப்பகுதியைக் கடந்தபின் நிலவொளியில் இரவிலேயே நடந்தனர்.